பழைய எம்எக்ஸ்-5 காரில் நெடும்பயணம்: காசையும் முதுகையும் கெடுக்கும் தவறுகள்

சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு ஹியூம் நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 870 கிலோமீட்டர். 1989இல் அறிமுகமான முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரிலும் அந்தத் தூரத்தை ஒரே நாளில் ஓட்டிவிட்டு, இறங்கியதும் நிமிர்ந்து நிற்க முடியும். 1.6 லிட்டர் எஞ்சின், இரண்டே இருக்கை, மடித்துத் திறக்கும் துணிக்கூரை, ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. சொகுசுக்காகச் செய்த வண்டி இல்லைதான். ஆனால் இதில் போய் முதுகு போச்சு என்று புலம்புகிறவர்களின் வண்டியைக் குனிந்து பாருங்கள். முன்பு வைத்திருந்தவர்கள் மாட்டிவிட்டுப் போன பாகங்களும், வயதாகித் தேய்ந்த ரப்பரும்தான் பெரும்பாலும் காரணம். ஆகவே, சௌகரியம் வேண்டும் என்று எடுத்ததுமே கடைக்குப் போகாதீர்கள். கழற்ற வேண்டியதைக் கழற்றுவதுதான் முதல் வேலை.

பெரிய வீலில் ஆரம்பிப்போம். இந்த வண்டியோடு வந்தது 185/60 அளவில் 14 அங்குல டயர். அதன் பக்கச்சுவர் 111 மில்லிமீட்டர் உயரம். பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று 17 அங்குல வீலில் 215/40 டயர் போட்டால் அது 86 மில்லிமீட்டராகிவிடும். பள்ளத்தின் முதல் அடியைத் தாங்க வேண்டிய ரப்பரில் கால்வாசி போயே போச்சு. வீலின் கனமும் கூடுவதால் ஷாக் அப்சார்பர் திணறும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் 15 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காற்று விஷயமும் இதே கதைதான். பழைய அளவு டயருக்கு மஸ்டா சொன்னது 26 பிஎஸ்ஐ. கனமான கார்களை ஓட்டிய பழக்கத்தில் 34 அடித்துவிட்டு, சஸ்பென்ஷன் போய்விட்டது என்று மெக்கானிக்கைத் தேடுகிறவர்கள் உண்டு. நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் ஆஸ்திரேலியச் சாலைகளில் ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும்; அங்கே இறுகிய டயர் போடும் இரைச்சல் தனி.

அடுத்தது வண்டியைத் தாழ்த்துவது. இதன் சஸ்பென்ஷன் மேலேறி இறங்க இருக்கும் இடமே கொஞ்சம். குட்டை ஸ்பிரிங் போட்டால் அந்த இடமும் சுருங்கி, சின்ன மேட்டுக்குக்கூட, அதன் எல்லையில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது என்று நினைத்து வேறு ஸ்பிரிங் வாங்குவார்கள். இடிப்பதோ அந்த ரப்பர் கட்டை. பழைய உயரத்துக்கே தூக்கி, நல்ல ஷாக் அப்சார்பர் நான்கு போட்டால் பாதி வலி தீரும். சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் புஷ் என்ற மெத்தை வளையங்களை மாற்றும்போது கடினமான பாலியூரித்தேன் வேண்டாம், ரப்பரே போதும்.

ரேஸ் டிராக்குக்காகச் செய்த வீல் அலைன்மென்டோடு நெடுஞ்சாலை ஏறுவதைப் பலர் தவறாகவே எண்ணுவதில்லை. முன்வீல்கள் வெளிப்பக்கம் விரிந்திருந்தால் வளைவில் வண்டி சட்டெனத் திரும்பும், சரி. நேர்ச்சாலையில் அதுவே ஒவ்வொரு தடத்துக்கும் மூக்கைத் திருப்பும். நாள் முழுக்க ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருந்தால் மாலையில் தோள்பட்டை விண்விண் என்று தெறிக்கும். வீல்கள் இம்மி அளவு உள்நோக்கி இருக்கும்படி அலைன்மென்ட் செய்யச் சொல்லுங்கள்.

சத்தத்துக்கு வருவோம். ஹியூமில் பெரும்பகுதி 110 கிலோமீட்டர் வேகம். ஐந்தாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,500 சுற்று சுற்றும். நான்கு சிலிண்டர் என்பதால் நொடிக்கு 117 வெடிப்பு. சந்தையில் வாங்கிய சைலன்சரோ காரின் உட்புறமோ அந்த அதிர்வெண்ணிலேயே ஒத்து அதிர ஆரம்பித்தால், அந்த ‘ம்ம்ம்’ மண்டைக்குள் குடியேறிவிடும். தரையெல்லாம் ஒலித்தடுப்பு விரிப்பு ஒட்டுவது இதற்கு வீண்செலவு. இவ்வளவு தாழ்ந்த ஒலியை மெல்லிய விரிப்பு தடுக்காது. பழைய சைலன்சரையே திரும்ப மாட்டுங்கள்.

இருக்கையில் நடக்கும் கூத்துதான் பெரிது. சாய்க்க முடியாத பந்தய இருக்கை அரைமணி நேரப் பந்தயத்துக்கு உகந்தது. ஒன்பது மணி நேரம் ஒரே கோணத்தில் உடம்பு உட்காராது. உயரமானவர்கள் தலை கூரையில் முட்டுகிறது என்று அசல் இருக்கையின் ஃபோமை அறுத்தெடுப்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பின்பக்கம் உட்காரும் இடத்தில் மட்டும் எடுக்க வேண்டும். தொடைக்குக் கீழே கைவைத்தால் காலின் பாரத்தைத் தாங்க ஒன்றும் இருக்காது. இடுப்புக்குப் பின்னால் சின்னத் துண்டைச் சுருட்டி வைத்துப் பாருங்கள். விலை உயர்ந்த இருக்கைகள் சில இந்த அளவுக்குக்கூட உதவுவதில்லை.

கால் ஏன் வேகிறது என்று ஏசியைத் திட்டுவதற்கு முன், கியர் லீவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் உறையைப் பாருங்கள். இந்த வயது வண்டிகளில் அது கிழிந்திருப்பது சகஜம். கியர்பாக்ஸின் சூடும் எண்ணெய் வாடையும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன. மலிவான பாகம், ஒரு மதிய வேலை.

கூரையைத் திறந்து போகும்போது பிடரியில் அறைவது முன்காற்று அல்ல. முன்கண்ணாடியைத் தாண்டிப்போய்ச் சுழன்று, பின்னாலிருந்து திரும்பும் காற்று. பக்கக் கண்ணாடிகளை ஏற்றி, இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு காற்றுத் தடுப்பு வைத்தால் பேச்சு காதில் விழும். உச்சிவெயிலில் கூரையை மூடிவிடுங்கள், வீம்பு வேண்டாம்.

பெட்டி கொண்டுபோவதும் தவறுதான். டிக்கியில் ஸ்பேர் வீலும் பேட்டரியும் ஏற்கெனவே இடம்பிடித்திருக்கும். மிச்ச இடுக்குகளில் துணிப்பை மட்டுமே நுழையும். மீந்ததை இருக்கைக்குப் பின்னால் திணித்துவிட்டுக் கூரையை மடித்தால் பிளாஸ்டிக் பின்கண்ணாடி மடிந்து கோடு விழும். கூரையை இறக்குமுன் அந்த ஜன்னலின் ஜிப்பைத் திறந்து தட்டையாகப் படுக்க வையுங்கள்.