பேட்ச் ஆன்டெனா: பலகை மாறினால் என்ன மாறும்?

2.45 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பேட்ச் ஆன்டெனாவை (பலகை மேல் செவ்வகச் செம்புத் தகடாக உள்ள ஆன்டெனா) இரண்டு வகைப் பலகைகளில் செய்து அளந்து பாருங்கள். சப்ஸ்ட்ரேட்டின், அதாவது செம்புக்கு நடுவே உள்ள பலகைப் பொருளின் வேலை என்னவென்று தெரிந்துவிடும்.

ஒன்று எஃப்.ஆர்.4, சாதாரண சர்க்யூட் பலகைகளின் கண்ணாடி இழை-எபாக்சி பொருள். பெங்களூரு எஸ்.பி. ரோடு மின்னணுச் சந்தையில் இருபுறமும் செம்பு உள்ள 1.6 மி.மீ. பலகையாகக் கேளுங்கள். பழுப்பு நிற ஃபீனாலிக் பலகை இதற்கு வேண்டாம். இன்னொன்று ரோஜர்ஸ் 5880 என்ற குறைந்த இழப்புள்ள பலகை, தடிமன் 1.575 மி.மீ. விலை பல மடங்கு என்பதால் சிறு துண்டே போதும்.

எஃப்.ஆர்.4-இன் டைஎலக்ட்ரிக் மாறிலி (இது கூடினால் பேட்ச் சிறிதாகும்) சுமார் 4.4; பேட்ச் அகலம் 37.3 மி.மீ., நீளம் 28.8 மி.மீ. 5880-க்கு மாறிலி 2.2 என்பதால் 48.4, 40.5 மி.மீ. என்று பெரிதாகும். பேட்சுக்கு சிக்னல் கொண்டுவரும் 50 ஓம் ஊட்டக் கோட்டின் அகலம் முறையே 3, 4.9 மி.மீ. அந்தக் கோட்டை பேட்சின் ஓரத்திலிருந்து 9, 13 மி.மீ. உள்ளே கொண்டுபோய், இருபுறமும் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். இவை தொடக்க அளவுகள்தான். பின்பக்கச் செம்பான கிரவுண்ட் 80×80 மி.மீ. இருக்கட்டும்.

வேண்டாத செம்பை அரித்தெடுக்க ஃபெர்ரிக் குளோரைடில் போடுமுன் பின்பக்கத்தை டேப்பால் முழுக்க மூடுங்கள். அதிக நேரம் ஊறினால் செம்பின் ஓரம் அரிக்கப்பட்டு அளவு குறையும்.

எஃப்.ஆர்.4-இல் நீளத்தை 28.8-க்குப் பதில் 29.5 மி.மீ. ஆக வெட்டுங்கள். இதன் மாறிலி தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், 4.2 ஆக இருந்தால் அதிர்வெண் ஏறத்தாழ 55 மெகாஹெர்ட்ஸ் மேலே போய், வைஃபை பட்டையைத் தாண்டிவிடும். நீளம் கூடினால் அரத்தால் தேய்க்கலாம், 0.1 மி.மீ. தேய்த்தால் ஏறத்தாழ 8 மெகாஹெர்ட்ஸ் ஏறும். குறைந்துவிட்டால் செம்பு டேப் ஒட்டித்தான் சமாளிக்க வேண்டும்.

இப்போது நானோ வி.என்.ஏ. என்ற சிறிய அளவிடும் கருவியில் எஸ்11, அதாவது ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சிக்னலின் அளவைப் பாருங்கள். ஆன்டெனா ஒத்திசையும் அதிர்வெண்ணில் கோடு பள்ளமாக இறங்கும்; எஃப்.ஆர்.4-இன் பள்ளம் அகலமாகத் தெரியும். அதனால் அது சிறந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். எஸ்11 காட்டுவது எவ்வளவு ஆற்றல் திரும்பி வந்தது என்பதை மட்டுமே. திரும்பாதது காற்றில் போனதா, பலகைக்குள் வெப்பமானதா என்று சொல்லாது. ஆற்றலை வெப்பமாக்கிவிடும் வெறும் 50 ஓம் டம்மி லோடும் அருமையான எஸ்11 தரும்! பலகை ஆற்றலை எவ்வளவு வெப்பமாக்கும் என்பதைக் காட்டும் இழப்புக் கெழு எஃப்.ஆர்.4-க்கு 0.02, 5880-க்கு 0.0009. அந்த இழப்புதான் பள்ளத்தை அகலமாக்குகிறது.

உண்மை தெரிய, 2 மீட்டர் தூரத்தில் ஒரே ரூட்டரை வைத்து, இரண்டு ஆன்டெனாவிலும் சிக்னல் அளவைப் பாருங்கள். திசை, உயரம் மாறக்கூடாது. சுவர் எதிரொலி ஏமாற்றும் என்பதால் சில இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். 3 டெசிபல் வித்தியாசம் என்றால் பாதி ஆற்றல் போய்விட்டது என்று பொருள்.

மொட்டை மாடியில் வைப்பதாக இருந்தால் இன்னொன்று: எஃப்.ஆர்.4 ஈரம் உறிஞ்சும், மழைக்காலத்தில் அதிர்வெண் கீழே இறங்கும். லாக்கர் பூசுங்கள். ஆனால் லாக்கரும் அதிர்வெண்ணைச் சற்று இறக்கும், ஆகவே கடைசித் தேய்ப்பில் நீளத்தைக் கொஞ்சம் குறைவாகவே விட்டு, பூசிக் காய்ந்த பிறகு மறுபடி அளந்துவிடுங்கள்.