துருக்கி வழக்குகளில் வக்கீல் கட்டணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருக்கியில் ஒரு சிவில் வழக்கின் தீர்ப்பைக் கையில் எடுத்தால், கடைசிப் பகுதியில் 'வெகாலெத் உஜ்ரெதி', அதாவது வக்கீல் கட்டணம், என்ற சொல் கண்ணில் படும். வெகாலெத் வேறொன்றுமில்லை, நம் வக்காலத்துதான். இரண்டும் ஒரே அரபு வேரில் பிறந்தவை. வக்கீலுக்கு நோட்டரி முன் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு அங்கே 'வெகாலெத்நாமே' என்றே பெயர். நம் ஊர் கோர்ட்டின் வக்காலத்து நாமா நினைவுக்கு வரும். ஆனால் சொல் பழகியது என்பதால் விஷயமும் பழகியதுதான் என்று இருந்துவிடக் கூடாது. அங்கே இந்த ஒரே பெயரில் இரண்டு தனித்தனிப் பணம் நடமாடுகிறது. அவற்றைக் குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு. மற்றப் பல தவறுகளுக்கும் அதுவே தாய்.

ஒன்று, நீங்களும் உங்கள் வக்கீலும் பேசி முடிக்கும் கட்டணம். இன்னொன்று, தோற்ற தரப்பு கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பிலேயே எழுதும் தொகை. இந்த இரண்டாவது, நீங்கள் வக்கீலுக்குக் கொடுத்த காசைத் திரும்ப வாங்கித் தரும் ஏற்பாடு போலத் தோன்றும். தீர்ப்பில் உங்கள் பேரில்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் 1969-ஆம் ஆண்டின் 1136-ஆம் எண் வழக்கறிஞர் சட்டம், 164-ஆம் பிரிவில், அந்தத் தொகை வக்கீலுக்கே சொந்தம் என்று சொல்லிவிட்டது. உங்கள் கடனுக்காக யாரும் அதை ஜப்தி செய்யவும் முடியாது. ஆக, 'ஜெயித்துவிட்டால் வக்கீல் செலவு எதிராளி தலையில்' என்ற நம்பிக்கையோடு இறங்குபவருக்குக் கடைசியில் ஏமாற்றம்தான். கட்டணம் பேசும் முதல் நாளிலேயே, இந்த இரண்டாவது தொகை பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதப் போகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

இந்த இரண்டாவது தொகைக்கு அளவுகோல் உண்டு. வழக்கறிஞர் சங்கங்களின் ஒன்றியம் தயாரித்து, நீதித்துறை அமைச்சகத்தின் ஒப்புதலோடு அரசிதழில் வெளியாகும் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல் அது. பண மதிப்பில்லாத வழக்குக்கு நிலையான தொகை. பண மதிப்புள்ள வழக்குக்குப் படிப்படியாக இறங்கும் சதவீதம். இதில் பலர் கவனிக்காத ஒன்று: வழக்குப் போட்ட நாளின் பட்டியல் அல்ல, தீர்ப்பு வந்த நாளின் பட்டியல்தான் பொருந்தும். 2023 செப்டம்பரில் வந்த பட்டியலில், பொது சிவில் வழக்குகளை விசாரிக்கும் அஸ்லியே நீதிமன்றத்துக்கான நிலையான தொகை 17,900 லிரா. 2024 அக்டோபரில் வந்ததில் அதுவே 30,000 லிரா. துருக்கியின் பணவீக்கத்தில் ஒரே வருடத்தில் இப்படி ஏறுகிறது. வழக்கு மூன்று நான்கு வருடம் இழுத்தால், தொடங்கும்போது போட்ட கணக்குக்கும் முடிவுக்கும் சம்பந்தமே இருக்காது.

சரி, இப்போது எல்லாவற்றையும்விட அதிகம் சுடும் தவறுக்கு வருவோம்: கேட்பதைக் கூட்டிக் கேட்பது. 'பத்துக் கேட்டால்தான் மூன்றாவது கிடைக்கும்' என்பது சந்தைப் பேரத்துக்குச் சரி. துருக்கி நீதிமன்றத்தில் அந்தப் பழக்கத்துக்கு விலை உண்டு. தள்ளுபடியான பகுதியில் நீங்கள் தோற்றவர். அந்தப் பகுதிக்கு எதிராளியின் வக்கீல் கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும்.

2024 பட்டியலை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதில் முதல் 4 லட்சம் லிராவுக்கு 16 சதவீதம், அடுத்த 4 லட்சத்துக்கு 15. ஒப்பந்ததாரர் தர வேண்டிய கடன் பாக்கி என்று ஒருவர் 10 லட்சம் லிரா கேட்டு வழக்குப் போடுகிறார். நீதிமன்றம் 3 லட்சம் கொடுத்து, 7 லட்சத்தைத் தள்ளுபடி செய்கிறது. கிடைத்த 3 லட்சத்துக்கு எதிராளி கட்ட வேண்டிய வக்கீல் கட்டணம் 48,000 லிரா. அது இவருடைய வக்கீலுக்குப் போய்விடும். தள்ளுபடியான 7 லட்சத்துக்கு இவர் கட்ட வேண்டியது 64,000, மேலும் 45,000, ஆக 1,09,000 லிரா. தன் வக்கீலுக்குக் கிடைத்ததில் 15 சதவீதம் என்று பேசியிருந்தால் இன்னொரு 45,000. மிஞ்சுவது 1,46,000. நிபுணர் அறிக்கை போன்ற செலவுகளிலும் பத்தில் ஏழு பங்கு இவர் தலையில்தான் விழும். பேப்பரில் ஜெயித்த 3 லட்சம், வீட்டுக்கு வரும்போது பாதியைக்கூடத் தொடவில்லை.

அவரே மூன்றரை லட்சம் கேட்டிருந்தால்? தள்ளுபடியாகும் 50,000-க்கு 16 சதவீதம் வெறும் 8,000. ஆனால் நிலையான தொகைக்குக் கீழே போக முடியாது என்பதால் 30,000 லிரா. தள்ளுபடியான தொகையைவிடக் கட்டணம் அதிகமாகவும் கூடாது என்பது விதி. அது வெறும் 20,000 என்றால் கட்டணமும் 20,000-தான்.

இதற்கு அங்கே வழியும் இருக்கிறது. தொகை தெளிவாகத் தெரியாதபோது முதலில் ஒரு பகுதிக்கு மட்டும் வழக்குப் போட்டு, நிபுணர் அறிக்கை வந்த பிறகு 'இஸ்லாஹ்' என்ற திருத்த மனு மூலம் தொகையை உயர்த்தலாம். ஒரு வழக்கில் ஒருவருக்கு ஒரே ஒரு இஸ்லாஹ்தான். கேட்காமல் விட்ட மிச்சத்துக்குக் காலவரம்பு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. மன உளைச்சலுக்கான இழப்பீட்டில் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தால், நீங்கள் கட்டும் எதிர்க் கட்டணம் உங்கள் பக்கத்துக்கு விதிக்கப்பட்டதைத் தாண்டாது.

அடுத்தது, வாய்ப்பேச்சோடு விடுவது. வக்கீலோடு எழுத்தில் எதுவும் இல்லாமல் பிறகு தகராறு வந்தால், பண மதிப்புள்ள வழக்கில் ஜெயித்த பகுதிக்கு, தீர்ப்பு இறுதியான நாளின் மதிப்பில் 10 முதல் 20 சதவீதம் வரை கட்டணம் நிர்ணயிக்கப்படும். எழுதிக்கொண்டால் உச்ச வரம்பு 25 சதவீதம். 'ஜெயித்தால் அந்த ஃபிளாட்டில் ஒன்று உங்களுக்கு' என்று வக்கீலிடம் சொல்வது செல்லாது. வழக்கில் உள்ள சொத்தையே பங்கு போட்டுத் தரச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பட்டியலுக்குக் கீழே கட்டணம் பேசவும் கூடாது. எனவே 'ரொம்பக் குறைவாக முடித்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படாமல் விசாரியுங்கள். மேல்முறையீடு, தீர்ப்பு கிடைத்த பின் பணத்தை வசூலிக்கும் 'இஜ்ரா' நடவடிக்கை இதெல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கமா, மதிப்புக் கூட்டு வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதை ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள்.

நீதிமன்றக் கட்டணமும் வக்கீல் கட்டணமும் ஒன்றல்ல. பண மதிப்புள்ள வழக்குகளில் பொதுவாக ஆயிரத்துக்கு 68.31 என்ற விகிதம். அதில் கால் பங்கை வழக்குப் போடும்போதே கட்ட வேண்டும். 10 லட்சத்துக்கு அது மட்டும் 17,077 லிராவுக்கு மேல். நோட்டீஸ், நிபுணர் செலவுக்கான முன்பணம் தனி. வசதி இல்லாதவர்கள் 'அத்லி யார்தம்' என்ற சட்ட உதவி கேட்கலாம், அவசியம் கேட்க வேண்டும். ஆனால் தோற்றால் எதிராளியின் வக்கீல் கட்டணத்திலிருந்து அது காப்பாற்றாது.

கடைசியாக, கோபத்தில் செய்யும் இரண்டு காரியங்கள். வக்கீலைப் பாதியில் நீக்கினால் முழுக் கட்டணமும் கொடுக்க வேண்டும். அவருடைய தவறோ அலட்சியமோதான் காரணம் என்றால் மட்டும் வேண்டாம். எனவே பதில் வராத கடிதங்கள், போகாமல் விட்ட வாய்தாக்கள் எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வைத்துக்கொண்ட பிறகு நீக்குங்கள். அப்புறம், வக்கீலுக்குத் தெரியாமல் எதிராளியோடு உட்கார்ந்து சமரசம் பேசி முடிப்பது. வழக்கறிஞர் சட்டத்தின் 165-ஆம் பிரிவின்படி சமரசத்தில் முடிந்த வழக்கின் வக்கீல் கட்டணத்துக்கு இரு தரப்பும் கூட்டாகப் பொறுப்பு. எதிராளியின் வக்கீல் உங்களிடமும் வந்து கேட்கலாம். சமரசத் தாளில் கையெழுத்துப் போடும் முன், எந்த வக்கீலுக்கு யார், எவ்வளவு, எப்போது கொடுப்பது என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுங்கள்.