சிறையால வாற பொம்பிளையளுக்கு யாழ்ப்பாணத்தில ஒரு வீடு: எப்பிடித் தொடங்கி நடத்துறது

கோயில் சபை, சேர்ச், மாதர் சங்கம், வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் எண்டு கனபேர் இப்பிடி ஒரு வீடு நடத்தோணும் எண்டு யோசிக்கினம், நல்ல விசயம், ஆனா வீட்டுக்கு போர்ட் மட்டும் போடாதேங்கோ. திறப்புவிழா வேண்டாம், கல்லில பேர் வெட்ட வேண்டாம், அரிசி பாக் குடுக்கேக்க போட்டோ எடுத்து பேஸ்புக்கில போடவே வேண்டாம். அந்த ஒரு போட்டோவால வீட்டில வந்து இருக்கிற பொம்பிளைக்கு நாளைக்கு வேலை கிடைக்காது, வாடகைக்கு அறை கிடைக்காது, மகளின்ர பள்ளிக்கூடத்திலயும் கதை வந்திடும். காசு அனுப்புற ஆக்களிட்ட இதை முதலே சொல்லிப்போடுங்கோ, கட்டடத்துக்குக் காசு வேண்டாம், மாதாமாதம் வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் அனுப்புங்கோ எண்டு. ஒரு வருச வாடகை கையில சேராமல் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வராதேங்கோ, மூண்டாம் மாசம் அவவைத் திருப்பி றோட்டில விடுறது பெரிய பாவம்.

நாலு அஞ்சு பேருக்கு மேல வேண்டாம், கூடினா அது விடுதி ஆகிடும். லாஸ் ஏஞ்சலிஸில சூசன் பர்ட்டன் எண்டு ஒரு அம்மா, தானே பல தடவை சிறைக்குப் போய் வந்தவ, 1998ல ஒரு சின்ன வீட்டிலதான் இந்த வேலையைத் தொடங்கினவ. இஞ்சையும் கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் மாதிரி பஸ்ஸும் சந்தையும் கிட்ட இருக்கிற இடமாப் பாருங்கோ, ஒதுக்குப்புறம் சரிவராது. கிணத்தடிக்கு மறைப்பு இருக்கோணும், ஒவ்வொரு அறைக்கும் உள்ளுக்கால பூட்டு இருக்கோணும். வீட்டுச் சொந்தக்காரரிட்ட உண்மையைச் சொல்லி ஒப்பந்தத்தை எழுத்தில எடுங்கோ, அயலட்டை விடுப்புக் கேட்டா "எங்கட வீட்டில வாடகைக்கு இருக்கிற பிள்ளை" எண்டு சொல்லிக் கதையை முடியுங்கோ.

சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தரோட முதலே கதைச்சு, அவ விரும்பினா மட்டும் விடுதலைக்கு முன்னமே போய் ஒருக்காச் சந்தியுங்கோ. வெளிய வாற நாள் வாசலில ஒரு ஆள் கட்டாயம் நிக்கோணும், கொழும்பு வெலிக்கடைச் சிறையால வாறவ எண்டா யாழ்ப்பாணம் வந்து சேர ஒரு இரவுப் பயணம், அதைத் தனிய விடாதேங்கோ. ஒரு பையில மாத்து உடுப்பு, உள்ளாடை, பாட், சவுக்காரம், கொஞ்சக் காசு, சாதாரண போன் ஒண்டு. விடுதலைக் கடிதம், உள்ளுக்குப் போகேக்க வாங்கி வைச்ச சாமான் எல்லாம் கேட்டு எடுங்கோ.

வீட்டுத் திறப்பு ஒண்டை முதல் நாளே அவவின்ர கையில குடுங்கோ. முதல் கிழமை கிணத்தடிக்குப் போறதுக்கும் "அக்கா, போகட்டோ" எண்டு கேட்டுக்கொண்டு நிப்பினம், சாப்பாட்டில பாதியைச் சுத்தித் தலையணைக்குக் கீழ வைப்பினம், லைட்டை நூக்காமல் படுப்பினம். ஒண்டுக்கும் பேசாதேங்கோ, கரண்ட் பில் கூடினாக் கூடட்டும். என்ன கேஸ் எண்டு ஒருத்தரும் கேக்கக்கூடாது, அவவாச் சொன்னாக் கேளுங்கோ, அவ்வளவுதான். சட்டங்களைக் குறைச்சு வைச்சு, எல்லாரும் இருந்து கதைச்சு முடிவெடுங்கோ, சமையல் முறையும் அப்பிடித்தான். முடிவெடுக்கிற கமிட்டியில உள்ளுக்க இருந்து வந்த ஒருத்தராவது இருக்கோணும்.

ஹெரோயின் பழக்கம் இருந்த ஆக்கள் எண்டா கவனம் கூட வேணும். கனகாலம் பாவிக்காமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. அமெரிக்காவில வாஷிங்டன் மாநிலத்தில செய்து 2007ல வந்த ஆய்வு, வெளிய வந்த முதல் ரெண்டு கிழமையில சாவு ஆபத்து மற்றச் சனத்தை விடக் கிட்டத்தட்ட 13 மடங்கு எண்டு காட்டினது. மயங்கிக் கிடந்தா, மூச்சு மெதுவாப் போனா, பொலிசுக்குப் பயந்து ஒளிக்காமல் உடன 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. மனசு உடைஞ்சு போய் இருந்தா மனநல உதவிக்கு 1926, புருசனால, குடும்பத்து ஆக்களால கரைச்சல் எண்டா பொம்பிளையளுக்கான உதவிக்கு 1938.

பேப்பர் வேலைதான் ஆளைக் களைக்கப்பண்ணும். அடையாள அட்டை துலைஞ்சிருந்தா பொலிஸ் முறைப்பாட்டுக் கொப்பியோட ஜிஎஸ்ஸிட்ட, அதுதான் கிராம சேவகரிட்டப் போய்த் தொடங்குங்கோ, அட்டை இல்லாட்டி சிம், பாங்க், அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக்காசு ஒண்டும் சரிவராது. பாங்க் புத்தகம் அவவின்ர பேரில, அவவின்ர கையிலயே இருக்கோணும். வேற வழக்குத் தவணை இருக்கோ எண்டு பாருங்கோ, ஒண்டைத் தவறவிட்டாப் பிடியாணை வந்திடும், வக்கீலுக்குக் காசில்லை எண்டா சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கோ.

பிள்ளையள் விசயத்தில அவசரப்படாதேங்கோ. அம்மம்மாவோட வளர்ந்த பிள்ளை அம்மாவைக் கண்டவுடன ஓடி வரும் எண்டு இல்லை, வராட்டி அவ உடைஞ்சு போவா, அண்டைக்குப் பக்கத்தில இருங்கோ. கோர்ட் ஓடரில சிறுவர் இல்லத்தில இருக்கிற பிள்ளை எண்டா நன்னடத்தை அலுவலருக்கூடாகத்தான் போகோணும், நேர போய்ச் சண்டை பிடிச்சா அவவுக்குத்தான் பாதகம்.

வேலை எண்டவுடன எல்லாருக்கும் தையல் மெசின் குடுக்கிறதை நிப்பாட்டுங்கோ. என்ன தெரியும், என்ன விருப்பம் எண்டு அவவையே கேளுங்கோ, ஒருத்தி கடைக்கு மிளகாய்த்தூள் இடிச்சுக் குடுப்பா, இன்னொருத்தி கணக்கு எழுதுவா.

எத்தினை மாசத்தில போகோணும் எண்டு தவணை வைக்காதேங்கோ. போகேக்க புது அறையின்ர ஒப்பந்தம் அவவின்ர பேரிலயே இருக்கட்டும், அட்வான்ஸுக்கு நீங்கள் உதவுங்கோ, முதல் மூண்டு மாசம் கிழமைக்கு ஒருக்கா போன் எடுங்கோ, எடுக்காட்டி நேர போய்ப் பாருங்கோ.