மழை வருவதற்குள் ஒரு தகவல் தளம்: மும்பைத் தன்னார்வலர்களுக்கு உஷாஹிடி நிர்வாகம்

மும்பையில் பருவமழை வழக்கமாக ஜூன் இரண்டாவது வாரத்தில் தொடங்கும். உதவிக் கோரிக்கைகளை வரைபடத்தில் குறித்துக் கவனிக்கும் உஷாஹிடி என்ற மென்பொருளை உங்கள் பேட்டைக்கு அமைப்பதுதான் இங்கே சொல்லப்போகும் வேலை. அதை மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள். தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு எவராலும் புதிய மென்பொருளைக் கற்றுக்கொள்ள முடியாது.

தாராவியில் ஒரு மழை இரவு. "அவசரம்! பாட்டிக்கு மூச்சுத் திணறல், பிள்ளையார் கோவில் பின்சந்து, உடனே வாருங்கள்" என்ற வாட்ஸ்அப் செய்தி எங்கள் குழுக்களில் சுற்றிச் சுற்றி வந்தது. எழுதிய நேரமும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நான்கு பேர் கயிறு பிடித்துக்கொண்டு போனோம். கதவைத் திறந்த பாட்டி, "முந்தாநாளே ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டேனே, ராசா" என்றார். அதே நேரத்தில் இரண்டு சந்து தள்ளி, காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு ஒரு தாய் விடியும்வரை பரண்மேல் உட்கார்ந்திருந்தார். அவருடைய செய்தியும் அதே குழுவில்தான் இருந்தது. நாற்பது செய்திகளுக்கு அடியில் புதைந்து கிடந்தது. தகவலுக்கு அன்று பஞ்சமில்லை. எது புதியது, எது முடிந்தது, எதை யார் எடுத்துக்கொண்டார் என்பதைச் சொல்ல ஓர் இடம்தான் இல்லை.

அந்த இடத்தை அமைக்கப் பல மென்பொருள்கள் இருக்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் பிறந்த சஹானா, முகாம், நிவாரணப் பொருள், காணாமல்போனோர் பட்டியல் என்று பெரிய நிர்வாகத்துக்கு ஏற்றது. ஒரு பேட்டைக் குழுவுக்கு உஷாஹிடி போதும் என்பது என் கருத்து. 2008இல் கென்யாவில் தேர்தலுக்குப் பின் வெடித்த வன்முறையைப் பதிவு செய்ய உருவானது. சுவாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்குச் சாட்சியம் என்று பொருள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போதும் உதவிக் கோரிக்கைகளை வரைபடத்தில் குறிக்கப் பயன்பட்டது. யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் என்பதால் சொந்த சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம். கணினி தெரிந்தவர் கூடவே இல்லையென்றால் அந்த வழிக்குப் போகாதீர்கள். உஷாஹிடி நிறுவனத்தின் தளத்திலேயே கணக்குத் தொடங்கிக்கொள்ளுங்கள்.

படி 1: தளத்தைத் திறந்து பூட்டுங்கள்

கணக்குத் தொடங்கியதும் தளத்துக்குப் பெயர் வையுங்கள். அமைப்புகளில் வரைபடத்தின் மையத்தை உங்கள் பகுதிக்கு நகர்த்துங்கள், தாராவிக்கு 19.04, 72.85 என்று கொடுத்தால் சரியாக இருக்கும். அடுத்து, தளத்தைத் தனிப்பட்டதாக மாற்றுங்கள். உறுப்பினர் அல்லாதவர் உள்ளே பார்க்க முடியாது. எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், எந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போயிருக்கிறது என்பதெல்லாம் ஊருக்கே காட்ட வேண்டிய செய்தியல்ல.

படி 2: படிவம்

இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது. முதல்முறை படிவம் அமைக்கிறவர்கள் இருபது கேள்வி எழுதுவார்கள். நனைந்த கையால், நான்கு விழுக்காடு சார்ஜ் மிச்சமிருக்கும் போனில் இதை ஒருவர் நிரப்ப வேண்டும் என்று நினைத்துப் பார்த்து வெட்டுங்கள். எங்கள் படிவத்தில் ஏழுதான்: என்ன தேவை, எத்தனை பேர், இடம், அருகிலுள்ள அடையாளம், தண்ணீர் எவ்வளவு, நேரில் கண்ட நேரம், தொடர்பு எண்.

தண்ணீர் அளவை அடிக்கணக்கில் கேட்காதீர்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, அதற்கு மேல் என்று நான்கு தெரிவுகள் கொடுங்கள். எல்லோர் உடம்பிலும் அந்த அளவுகோல் இருக்கிறது. "நேரில் கண்ட நேரம்" கட்டாயக் கேள்வியாக இருக்கட்டும். பதிவேறிய நேரத்தை மென்பொருளே குறித்துக்கொள்ளும், ஆனால் இரவு எட்டு மணிச் செய்தியைப் பத்து மணிக்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. அடையாளத்தையும் விட்டுவிடாதீர்கள். நம் சந்துகளை வரைபடத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. தொண்ணூறு அடி சாலையிலிருந்து எத்தனையாவது சந்து, எந்த மாவு மில் எதிரே என்றால்தான் போய்ச் சேர முடியும். கேள்விகளைத் தமிழில் எழுதுங்கள். பக்கத்துச் சால் குடியிருப்பில் இருப்பவர்களுக்காக இந்தியிலும் மராத்தியிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடர்பு எண் கேள்வியில், பதிலைக் குழுவினர் மட்டும் பார்க்கும்படி வைக்கும் தெரிவு உண்டு. அதை மறக்காமல் இயக்குங்கள். சரிபார்த்த பிறகே பதிவு வெளியாக வேண்டும் என்ற தெரிவையும் அதே படிவத்தின் அமைப்பில் காணலாம்.

படி 3: யாருக்கு எந்தச் சாவி

பயனர்களுக்கு மூன்று பொறுப்புகள் போதும். களத்தில் இருப்பவர் பதிவிடுவார். சரிபார்ப்பவர் தொலைபேசியில் கூப்பிட்டு உறுதிசெய்து வெளியிடுவார். நிர்வாகி படிவத்தையும் பயனர்களையும் கவனிப்பார். நிர்வாகிகள் இருவர் இருக்க வேண்டும், அவர்கள் ஒரே கட்டடத்தில் குடியிருக்கக் கூடாது. ஒரு வீட்டில் மின்சாரம் போனால் மற்றவர் கையில் தளம் இருக்கும். கடவுச்சொல்லை ஒருவருக்கொருவர் பகிராதீர்கள். இருவருக்கும் தனித்தனிக் கணக்கு.

படி 4: சரிபார்ப்பும் முடிப்பும்

உஷாஹிடியில் ஒவ்வொரு படிவத்தோடும் குழுவுக்கு மட்டும் தெரியும் பணிகளைச் சேர்க்கலாம். இரண்டைச் சேருங்கள். முதலாவது சரிபார்ப்பு: யார், எத்தனை மணிக்கு, யாரிடம் பேசினார். இரண்டாவது முடிவு: உதவி போய்ச் சேர்ந்ததா, யார் கொண்டுபோனார், எப்போது. இரண்டாவது நிரம்பிய பதிவை அப்போதே காப்பகத்துக்கு மாற்றிவிடுங்கள். பாட்டியின் செய்தி எங்களைச் சுற்றலில் விட்டதற்குக் காரணம், அது முடிந்துவிட்டது என்று எழுத எவருக்கும் இடமில்லாததுதான். மூன்று மணி நேரமாக அசையாத பதிவை மறுபடியும் கூப்பிட்டுக் கேட்பது சரிபார்ப்பவரின் கடமை.

குறுஞ்செய்திச் சேவையையும் இணைக்கலாம். அப்படி வரும் செய்தி படிவமில்லாமல் வந்து நிற்கும்; ஒருவர் உட்கார்ந்து இடம் குறித்து ஒழுங்கு செய்ய வேண்டும். அந்த ஆள் கிடைத்தால் மட்டும் இணையுங்கள்.

படி 5: அரசு எண்களோடு ஒரு மனிதப் பாலம்

உங்கள் தளத்தில் பதிவானதால் தீயணைப்பு வண்டி கிளம்பிவிடாது. உயிர் ஆபத்து என்றால் முதலில் 112. தண்ணீர் தேங்கல், மரம் விழுதல், சுவர் இடிதல் என்றால் மாநகராட்சியின் 1916. இதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். அழைத்த நேரத்தையும் கிடைத்த பதிலையும் அவர் அந்தப் பதிவிலேயே எழுதட்டும்.

கடல் மட்டம் ஏறி இறங்கும் ஓத நேரப் பட்டியலையும் அவரிடம் கொடுத்துவையுங்கள். கடல் ஏறியிருக்கும்போது மழைநீர் வெளியேற வழியில்லாமல் நகருக்குள்ளேயே நிற்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது, மித்தி ஆற்றங்கரை மக்கள் அதைத் தங்கள் வீட்டுச் சுவரிலேயே பார்த்தார்கள். ஓதம் ஏறப்போகிறது என்றால் முழங்கால் என்று வந்த பதிவை இடுப்பு என்று வைத்தே முடிவெடுங்கள்.

படி 6: ஒத்திகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பேர், பத்துப் பொய்ப் பதிவுகள். அவற்றில் இரண்டு ஒரே சம்பவமாகவும் ஒன்று முகவரி தவறியும் இருக்கட்டும். பாதியில் இணையத்தை அணைத்துவிடுங்கள். அதே ஏழு கேள்விகளை அச்சிட்ட தாள்கள் பிளாஸ்டிக் உறையில் தயாராக இருந்தால் வேலை நிற்காது. இணைப்பு வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம்.

படி 7: தண்ணீர் வடிந்த பிறகு

முடிவு நிரம்பாத ஒவ்வொரு பதிவையும் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரியுங்கள், ஒன்றைக்கூட விடாதீர்கள். பிறகு எல்லாவற்றையும் அட்டவணையாகத் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். அடுத்த மே மாதத்தில் எந்தச் சந்தில் கயிறு கட்ட வேண்டும் என்பதை அந்தக் கோப்பு காட்டும். பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள நெடுவரிசைகளை அதிலிருந்து நீக்கிவிட்டுத்தான் வேறு எவருக்கும் கொடுக்க வேண்டும். ஒத்திகைக்காகச் சேர்த்த கணக்குகள், குழுவைவிட்டுப் போனவர்களின் கணக்குகள் எல்லாவற்றையும் அன்றைக்கே மூடிவிடுங்கள்.