பழைய இத்தாலிய மொசைக் நகையா? முதலில் தண்ணீரைத் தள்ளி வையுங்கள்

பொடிக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துப் படம் உருவாக்கிய பழைய இத்தாலிய மொசைக் ப்ரூச் (உடையில் குத்தும் ஊசி நகை) ஒன்று கைக்கு வந்ததும், அழுக்குப் போகட்டும் என்று அதைச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள் பலர். தங்க நகையைப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தேய்த்த பழக்கம். இந்த நகைக்கு அது பெரிய கெடுதல். காரணம் அது செய்யப்படும் விதத்திலேயே இருக்கிறது.

ஸ்மால்ட்டி என்று இத்தாலியர் சொல்லும், ஒளி ஊடுருவாத வண்ணக் கண்ணாடியைத் தீயில் உருக்கி, நூல் மாதிரி இழையாக இழுப்பார்கள். ஆறியதும் அரத்தால் கீறிப் பொடிச் சில்லுகளாக ஒடிப்பார்கள். செம்புத் தட்டிலோ கல்லிலோ குழித்த இடத்தில் ஆளி விதை எண்ணெயும் சுண்ணாம்பும் சேர்ந்த பசையை நிரப்பி, அது இறுகுவதற்குள் ஒவ்வொரு சில்லாக இடுக்கியால் நட்டு நிறுத்துவார்கள். ஆமாம், நாற்று நடுவது போலத்தான். நம் கண்ணுக்குத் தெரிவது சில்லின் முனை மட்டும். பசை இறுகியபின் மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தி, இடைவெளிகளில் வண்ண மெழுகு தடவி மெருகேற்றுவார்கள். மிக நுண்ணிய வேலைப்பாட்டில் ஒரு சதுர அங்குலத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சில்லுகள் இருக்கும். ஒரு புறாவின் கழுத்து நிறம் மாறுவதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், மனிதக் கை இதைச் செய்ததா என்று தோன்றும்.

தண்ணீர் கண்ணாடியை ஒன்றும் செய்யாது. ஆனால் இடுக்கு வழியே உள்ளே போய், பிடித்து வைத்திருக்கும் பசையை இளக்கும், அடியிலுள்ள செம்பிலும் பித்தளையிலும் பச்சைக் களிம்பு ஏற்றும். அப்புறம் சில்லுகள் உதிரத் தொடங்கும். நகைக்கடைகளில் ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் இயந்திரமும் நீராவியும் இன்னும் மோசம். ஸ்பிரிட், அசிட்டோன் போட்டால் மெழுகு கெட்டுவிடலாம். காய்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினாலே பெரும்பாலும் போதும்.

அடுத்த தவறு, பழசாகத் தெரிவதையெல்லாம் 18ஆம் நூற்றாண்டு ரோம் வேலை என்று நம்பிப் பணம் கொடுப்பது. புனித பேதுரு பேராலயத்தில் ஈரம் பட்டுக் கெட்டுவந்த ஓவியங்களுக்குப் பதில் மொசைக் பதிக்க வத்திக்கானில் ஒரு பட்டறை வளர்ந்தது. அங்கே தேர்ந்த கைகளிலிருந்துதான் நுண் மொசைக் பிறந்தது. மொசைக் கலைஞர் ஜாக்கோமோ ரஃபாயெல்லி 1775இல் ரோமில் தம் நுண் மொசைக்குகளைக் காட்சிக்கு வைத்தார். ஐரோப்பியப் பயணிகள் நினைவுப்பொருளாக வாங்கிக் குவித்தார்கள். ஆனால் இன்று சந்தையில் அதிகம் கிடைப்பவை 20ஆம் நூற்றாண்டில் பித்தளைச் சட்டத்தில் செய்த பூ ப்ரூச்சுகள். சில்லுகள் பெரியவை, இதழ்கள் வார்த்தெடுத்த கண்ணாடித் துண்டுகள். அவையும் அழகுதான், அதற்குரிய விலையைக் கொடுங்கள். பின்புறம் ஆங்கிலத்தில் ‘மேட் இன் இத்தாலி’ என்று இருந்தால் அது 18ஆம் நூற்றாண்டுப் பொருள் அல்ல. இறக்குமதியாகும் பொருளில் அது வந்த நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டமே 1890இல்தான் வந்தது.

கிண்ணத்தின் விளிம்பில் அமர்ந்த புறாக்கள் இருந்தால் பழையது என்பதும் சரியில்லை. 1737இல் ரோமானியப் பேரரசர் ஹாட்ரியனின் மாளிகையில் கண்டெடுத்த பண்டைய மொசைக்கின் நகல் அது. தலைமுறை தலைமுறையாகச் செய்திருக்கிறார்கள். படத்தை விட்டுவிட்டுச் சில்லின் அளவைப் பாருங்கள்.

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து மொசைக் வேலையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கண்ணாடியே இல்லை. நிறக் கற்களை இதழ், இலை வடிவில் அறுத்துப் பொருத்துவது.

சில்லு விழுந்துவிட்டால் சூப்பர் க்ளூவைத் தொடாதீர்கள். அது பக்கத்துச் சில்லுகளின் மேலும் பரவி வெள்ளையாகப் பூத்துவிடும்; பின்னால் சீர்செய்பவர் எடுப்பது கடினம். நகப்பூச்சால் ஓட்டையை நிரப்புவதும் வேண்டாம். விழுந்த சில்லைத் தேடி எடுத்து, சின்னத் தாள் பொட்டலத்தில் மடித்து நகையோடு வையுங்கள். எள்ளளவுகூட இல்லாத துண்டுதான், ஆனால் அதே நிறம் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம்.