நானோகுழாய் மெமரி செல்: ப்ராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்கு

ப்ராஜெக்ட் சீசன் வந்தால் போதும், "கார்பன் நானோகுழாயில் (கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கார்பன் குழாயில்) மெமரி செய்யணும் சார்" என்று யாராவது எங்கள் லேப் கதவைத் தட்டுவார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் 2000-இல் ஹார்வர்டில் சார்லஸ் லீபர் குழு முன்வைத்த வடிவத்துக்குப் போகாதீர்கள். தனித்தனிக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கவிடுவது மாணவர் லேபில் ஆகிற வேலை இல்லை. நான்டெரோ நிறுவனம் பிற்பாடு பிடித்த வழிதான் நமக்குச் சரி. குழாய்களைத் தாறுமாறாகப் படியவைத்து ஒரு படலமாக்கி, மேலும் கீழும் எலக்ட்ரோடு. குழாய்கள் தொட்டுக்கொண்டால் மின்தடை குறையும், அது 1. விலகினால் ஏறும், அது 0. எழுதுவதும் அழிப்பதும் வோல்டேஜ் பல்ஸால், அதாவது ஒரு கணம் மட்டும் கொடுக்கும் மின்துடிப்பால். தொட்டவற்றை வான்டர்வால்ஸ் விசை (மிக நெருங்கிய பொருள்களுக்கிடையே உள்ள ஈர்ப்பு) விடாமல் பிடித்துக்கொள்வதால் கரண்ட் போனாலும் பதிவு நிற்கும்.

கார்பாக்சில் (தண்ணீரோடு ஒத்துப்போகும் வேதித் தொகுதி) ஏற்றிய குழாய்களாக வாங்குங்கள், தண்ணீரிலேயே கலங்கிவிடும். சர்ஃபாக்டன்ட் (சோப்பு மாதிரிப் பொருள்) போட்டுக் கலக்கினால் அப்புறம் அதைக் கழுவி எடுப்பது பெரும்பாடு. உலோகக் குழாய், குறைக்கடத்திக் குழாய் என்று பிரிக்கவும் வேண்டாம். உலர்ந்த பொடியை மட்டும் ஃப்யூம் ஹூடுக்கு (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் லேப் பெட்டிக்கு) வெளியே திறக்கவே கூடாது. பல சுவர் கொண்ட குழாயில் ஒரு வகை, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் (IARC) புற்றுநோய் தரக்கூடும் என்ற 2பி பட்டியலில் இருக்கிறது.

குழாய்களைத் தண்ணீரில் போட்டு சோனிகேட்டரில் (ஒலி அதிர்வால் கலக்கும் கருவியில்) கலக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிக் கட்டிகளை ஒதுக்கி, மேலே மை மாதிரி நிற்கும் கலவையை மட்டும் எடுங்கள். ஸ்பின் கோட்டரில் (சுழற்றிப் பூசும் கருவியில்), அடி எலக்ட்ரோடு மேல் ஒரு பூச்சு, ஹாட் பிளேட்டில் உலர்த்தல், மறுபடி பூச்சு. அவசரப்பட்டு இரண்டு பூச்சோடு நிறுத்தினால் மேல் உலோகம் ஓட்டைகள் வழியாக இறங்கி அடி எலக்ட்ரோடைத் தொட்டுவிடும். மீட்டர் சில ஓம் காட்டி, எந்தப் பல்ஸுக்கும் அசையாமல் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

இனிதான் முக்கியமான சங்கதி. கைக்குக் கிடைக்கிறதே என்று சில்வர் பேஸ்ட்டை மேல் எலக்ட்ரோடாகத் தடவாதீர்கள். வோல்டேஜ் கொடுத்தால் வெள்ளி அயனிகள் நகர்ந்து மெல்லிய இழையாக வளரும், அறுபடும், மறுபடி வளரும். கிராஃப் பிரமாதமாக வரும். ஆனால் அங்கே மெமரியாக வேலை செய்தது வெள்ளி, குழாய் இல்லை! செம்பும் இதே ரகம். அலுமினியத்தின் ஆக்சைடும் தன் பங்குக்கு ஏமாற்றும். பிளாட்டினம் அல்லது டங்ஸ்டன் போடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, குழாயே இல்லாத ஒரு செல்லையும் அதே அச்சில் செய்து பக்கத்தில் வையுங்கள். "குழாய் இல்லாத செல் என்ன காட்டியது?" வைவாவில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும், நானாக இருந்தால் அதைத்தான் கேட்பேன்.

அளக்கும்போது பல்ஸின் வோல்டேஜைச் சிறிதிலிருந்து படிப்படியாக ஏற்றுங்கள். 1 எழுதும்போது கரண்ட்டுக்கு வரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் செல் கருகும். படிக்கும் வோல்டேஜ் எழுதுவதைவிட நன்றாகக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் படிக்கிற சாக்கில் அழித்துவிடுவீர்கள்.

கடைசியாக, பதிவு நிற்கிறதா என்று பார்க்க, சில செல்களில் 1, சிலவற்றில் 0 எழுதி, கரண்ட் தொடர்பு இல்லாமல் 85 டிகிரி ஓவனில் விடுங்கள். எடுத்ததும் ப்ரோபை வைக்காதீர்கள், சூட்டில் மின்தடை வேறாகக் காட்டும். அறை வெப்பத்துக்கு ஆறட்டும், அப்புறம் முன்பு படித்த அதே வோல்டேஜில் படித்துப் பாருங்கள்.