ஸ்ட்ரெஸ் குறைவுதான், ஆனாலும் வளையும்: அனாலிசிஸ் வகையைத் தேர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பாகம் பளுவைத் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதும் சிமுலேஷன் ரிப்போர்ட்டுகளைச் சரிபார்ப்பதும் என் வேலைதான். போன மாதம் வந்த ஒன்றைப் பார்த்ததும், இதை நானே எழுதினேனோ என்று தோன்றியது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு, எல்லாம் பத்திரம் என்று காட்டும் அதே பச்சை நிறப் படம். அலகுக் குழப்பம், மெஷ் (பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது) போதாமை பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை முதல் பாடத்திலேயே வந்துவிடும்.

ஒல்லியான பாகத்தை அமுக்கிவிட்டு, லீனியர் ஸ்டாட்டிக் மட்டும் பார்ப்பது

பளு மெதுவாக ஏறி அப்படியே நிற்கிறது, பாகம் அதற்கு நேர்விகிதத்தில் அசைகிறது என்று கொள்ளும் எளிய கணக்குதான் லீனியர் ஸ்டாட்டிக். இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஒரு சட்டத்தின் பிரேசிங்குக்கு (குறுக்குப் பிடிப்புக்கு) நான் போட்டது 50 × 6 மி.மீ. இரும்புப் பட்டை. நீளம் 1 மீட்டர், அமுக்கும் பளு 10 கிலோநியூட்டன். ஸ்ட்ரெஸ், அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு என்ற விசை, 33 மெகாபாஸ்கல் வந்தது; இரும்பு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் யீல்டு 250. ஏழரை மடங்கு பாதுகாப்பு என்று எழுதிவிட்டேன்.

படித்த சீனியர் ஒன்றும் பேசவில்லை. மேசையில் கிடந்த ஸ்டீல் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி, மேல் நுனியை உள்ளங்கையால் அமுக்கினார். வில்லாக வளைந்தது. “இது உன் படத்துல எங்கப்பா இருக்கு?”

எங்கும் இல்லை. இருக்கவும் முடியாது. பளு ஏறுவதற்கு முந்தைய நேரான வடிவத்தின் விறைப்பை வைத்துத்தான் லீனியர் ஸ்டாட்டிக் கணக்குப் போடுகிறது. அமுக்க அமுக்கப் பக்கவாட்டு விறைப்பு கரைந்துகொண்டே போவது அந்தச் சமன்பாட்டில் கிடையாது. 100 கிலோநியூட்டன் கொடுத்தாலும் பட்டை நேராகவே சுருங்கும், ஸ்ட்ரெஸ் 333 என்று காட்டும். ஒரு எச்சரிக்கைகூட வராது.

கணித மேதை ஆய்லர் 1744-லேயே வழி காட்டிவிட்டார். முனைகளைக் கீல் என்று வைத்துக்கொண்டு அவர் சூத்திரத்தில் போட்டால், இந்தப் பட்டை தாங்குவது 1.78 கிலோநியூட்டன். ஸ்ட்ரெஸ் 6 மெகாபாஸ்கலைத் தொடும்போதே வளைந்துவிடும். நான் ஏற்றச் சொன்னதோ அதைப்போல் ஐந்தரை மடங்கு! அதற்குள் பட்டைகளை வெட்டித் துளையும் போட்டாகிவிட்டது. அத்தனையும் ஸ்கிராப். பதிலுக்கு 50 × 50 × 6 ஆங்கிள் போட்டதும் ஆய்லர் பளு 100-ஐத் தாண்டியது; எடை இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

எனக்குப் போனது இரும்போடு சரி. 1978 ஜனவரி 18 அதிகாலை, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு விளையாட்டரங்கின் கூரை பனிப் பளுவில் மொத்தமாக இறங்கியது. கம்ப்யூட்டரில் கணக்கிட்ட கூரைதான். அமுக்கத்தில் இருந்த மேல் கம்பிகளுக்குப் பக்கப்பிடிப்பு போதவில்லை. முந்தைய இரவு அங்கே ஆட்டம் பார்த்த கூட்டம் கலைந்து போயிருந்ததால் உயிர்கள் தப்பின.

பக்லிங் போட்டதோடு நிறுத்திக்கொள்வது

இவ்வளவும் சொன்ன பிறகு அடுத்த ரிப்போர்ட்டில், எந்தப் பளுவில் இப்படி வளையும் என்று கணக்கிடும் லீனியர் பக்லிங் வரும். லோடு ஃபேக்டர் 1.3 (கொடுத்த பளுவைப்போல் 1.3 மடங்கில்தான் வளையும்), எல்லாம் சரி என்ற முடிவோடு. அது துளியும் கோணாத பாகத்துக்கான எண். மெல்லிய உருளைகள் சோதனையில் அதில் கால்பங்குப் பளுவிலேயே நசுங்கியதுண்டு. அதற்காகவே நாசா 1965-ல் எஸ்பி-8007 என்ற வழிகாட்டியில் குறைப்புக் குணகங்களைக் கொடுத்தது.

முதல் பக்லிங் வடிவத்தைச் சிறு கோணலாக மாடலில் சேர்த்து, அப்புறம் நான்லீனியர் (வடிவம் மாற மாற விறைப்பையும் மாற்றிக் கணக்கிடுவது) ஓட்டுங்கள். கோணல் சேர்க்காமல் ஓட்டினால் அதிலும் பட்டை பெரும்பாலும் நேராகவே சுருங்கிக்கொண்டு போகும். ஃபேக்டர் மைனஸில் வந்தால் பயப்பட வேண்டாம். பளுவைத் திருப்பினால்தான் வளையும் என்று பொருள்.

அதிரும் பளுவுக்கு ஸ்டாட்டிக்

நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் பம்ப் என்றால் 25 ஹெர்ட்ஸ். சட்டத்தின் முதல் இயல்பு அதிர்வெண் 75-க்கு மேல் இருந்தால் ஸ்டாட்டிக் விடை எட்டில் ஒரு பங்குக்குள்தான் பிசகும். 27-ஆக இருந்தால், தணிப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், உண்மை ஸ்டாட்டிக் விடையைப்போல் ஏழு மடங்கு. இயல்பு அதிர்வெண்களைக் கண்டுபிடிக்கும் மோடல் அனாலிசிஸ் போட்டுப் பார்க்கச் சில நிமிடம்தான்.

மோடலில் ஸ்ட்ரெஸ் படிப்பது

அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

திடீர்ப் பளு

உயரத்திலிருந்து போட வேண்டாம், மேலே வைத்துச் சட்டென்று கையை எடுத்தாலே ஸ்டாட்டிக் விடையைப்போல் இரண்டு மடங்கு.

எதற்கெடுத்தாலும் நான்லீனியர்

போன மாத ரிப்போர்ட்டை எழுதியவர் இப்போது இதில் இறங்கியிருக்கிறார். ஒரு சாதாரண பிராக்கெட்டுக்கு ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் வந்த விடை லீனியரிலிருந்து இரண்டாம் தசமத்தில் மாறியிருந்தது.